விடுமுறைப் பயணத்தில் விமானம் மாறுவது எப்படி?

வண்டி மாறிப் போவது நம் தங்கவயல் மக்களுக்குப் புதிதல்ல. மாரிக்குப்பம் – பங்காரப்பேட்டை கிளைப் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காரப்பேட்டை சேர்ந்து, அங்கே சென்னை வண்டியைப் பிடிப்பதுதான் நம் முன்னோர் கண்ட வழி. கிளை வண்டி தாமதமானால் பெரிய வண்டி காத்திராது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் நம் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காக வளைகுடா நாடுகள் வரை சென்றுவிட்டனர். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைக்கு அவர்கள் விமானம் மாறித்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே பழைய பங்காரப்பேட்டைப் பாடத்தை விமானத்துக்கும் பொருத்திப் பார்ப்பது நல்லது.

1. சீட்டு ஒன்றா, இரண்டா?

என் அக்காள் மகன் ஒரு டிசம்பரில் டெல்லி வழியாகப் பெங்களூர் வரப் புறப்பட்டான். விலை மலிவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தான். டெல்லியில் பனிமூட்டம், முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். இரண்டாம் விமானம் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் கணக்கில் அவன் 'வராத பயணி'. பணம் திரும்பவில்லை, அதிக விலையில் புதுச் சீட்டு எடுத்தான். நள்ளிரவு ஆராதனைக்கு மகனோடு போகக் காத்திருந்த என் அக்காள் தனியாகவே கோயிலுக்குப் போனார். அவனுடன் அதே விமானத்தில் வந்த வேறொருவர், ஊர் வரைக்கும் ஒரே சீட்டாக எடுத்திருந்தார். அவரைச் செலவின்றி அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வேறுபாடு இதுதான். ஒரே சீட்டில் இரண்டு விமானமும் இருந்தால், உங்களை ஊர் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டானால் இடையில் நேரும் நஷ்டம் உங்களுடையது.

2. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து வருவோர், பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரையோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். ஆகவே தனிச் சீட்டு எடுப்போர் ஐந்தாறு மணி நேரமாவது விட வேண்டும் என்பது என் கருத்து. டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியைத் தவிர்ப்பது நலம். தவிர்க்க முடியாவிட்டால், பனி விலகும் நடுப்பகல் விமானமே மேல்.

3. தாமதமானால் நமக்குள்ள உரிமை

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளை அறிந்து வைத்திருங்கள். குறித்த நேரத்துக்குள் கவுண்டருக்கு வந்தவர்களுக்கே இவை பொருந்தும்.

அ) இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும்.

ஆ) உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப்பணம், எது வேண்டும் என்பது பயணியின் விருப்பம்.

இ) 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் விடுதி. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானமானால், ஆறு மணி நேரத் தாமதத்துக்கே விடுதி உண்டு.

பனி, புயல் போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கேட்க இயலாது.

4. ரயிலிலும் உண்டு

2019 ஏப்ரல் 1 முதல், தொடர்ந்து செல்லும் இரண்டு ரயில்களின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குக் கட்டணம் திரும்பும். இரு சீட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். நமது மாரிக்குப்பம் வண்டியில் முன்பதிவில்லாமல் வருவோருக்குப் பி.என்.ஆர். கிடையாது; இந்தச் சலுகையும் கிடையாது. அவர்கள் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புவது நல்லது.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், அடுத்த விடுமுறைக்குச் சீட்டு எடுக்குமுன் "ஒரே சீட்டாக எடுத்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடினாலும், பண்டிகை நாளன்று பிள்ளை வீட்டில் இருப்பான்.