போன் இல்லை சார், பவுடர்

நான் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடியவள். தேசியப் போட்டி ஒன்றில் நாலாவதாக வந்து ஸ்பைக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோச் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி பூரா போனா?"

போனை ஒன்பது மணிக்கே அணைத்துவிட்டேன். தூக்கத்தைக் கெடுத்தது கஃபீன் பவுடர். முந்தின நாள் மாலை ஹீட்ஸுக்காக ஐந்தரை மணிக்கு இரண்டு ஸ்கூப் கலக்கிக் கொடுத்ததே அவர்தான். "கஃபீனை 2004லேயே தடைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க, பயப்படாத" என்றார். உண்மைதான். ஆனால் உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்தரைக்குப் படுத்தபோது ஒரு ஸ்கூப் எனக்குள் விழித்துக்கொண்டிருந்தது. ஹீட்ஸில் பறந்தேன், அதை மறைக்கவில்லை.

ஒரே ஹாலில் பன்னிரண்டு பேர். ஒருக்களித்துப் படுத்தால் என் நாடித்துடிப்பே தலையணைக்குள்ளிருந்து டக் டக்கென்று காதில் அடித்தது. மறுபக்கம் புரண்டேன், அந்தக் காதிலும் அதே. நாலு மணிக்குப் பால் வண்டி போனது. ஐந்தேகாலுக்கு விசில்.

காலையில் ஃபைனல். ஹர்டிலுக்கு ஹர்டில் பதினேழு காலடி என் கணக்கு. ஏழாவதற்கு முன்னால் அது பதினெட்டாகிவிட்டது. பதினெட்டு என்றால் பழகாத கால் முன்னே வரும். அங்கேயே மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆகவே, மாலைப் போட்டிக்குப் பவுடர் வேண்டாம், டீயும் வேண்டாம். இருட்டு அறை, காதுக்குப் பஞ்சு, மதியம் மூன்றுக்குள் அரை மணி நேரத் தூக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் ஹாஸ்டலில் நாலரைக்குத்தானே எழுப்புகிறார்கள்? ஏன் என்று கேளுங்கள். 2011இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பதினோரு கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஸ்பிரிண்ட் நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5க்கு இறங்கியது. எங்களுக்கு ஆறு மணி நேரம்தான். அதைத் தவம் என்று வேறு சொன்னார்கள்.

இப்போது நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் ஆறரைக்குத்தான் கிரவுண்டுக்கு வருவார்கள். போன வாரம் அதே கோச் கேட்டார், "என்னம்மா, உன் பசங்க இன்னும் எந்திரிக்கலையா?"

"தூங்குறாங்க சார்" என்றேன்.