ஏரியில் விடாதீர்கள், எதிர்ப்பக்கம் விடுங்கள்

கேள்வி: சாலையைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால், எடுத்துப்போய்ப் பக்கத்து ஏரியில் விடலாமா? ஓர் ஆமையைக் காப்பாற்றுவதால் என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆமை ஏராளமாகப் பெருகும் உயிரினம் அன்று. பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நெடுங்காலம் வாழ்ந்து, திரும்பத் திரும்ப முட்டையிடும் தாய் ஆமைகளே இந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆமைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், வளர்ந்த ஆமைகளின் சாவு சற்றே கூடினாலும் கூட்டமே தேய்ந்துவிடும் என்று 1990-களில் காட்டினார்கள். முட்டையிட இடம் தேடிச் சாலைக்கு வருபவற்றில் பெண் ஆமைகள் பல. எனவே ஒன்றைக் காப்பதும் வீணில்லை. ‘இயற்கையின் போக்கில் விடலாமே’ என்பார்கள். நரியிடமிருந்து காக்கும் ஓடு லாரிச் சக்கரத்துக்குத் தாங்காது; சாலை நாம் போட்டது.

ஆனால் ஏரியில் விடாதீர்கள். நம் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை தரைவாழ் உயிர். ஆழ்நீரில் மூழ்கிச் சாகும். நீர் ஆமையும் தனக்குப் பழகிய இடத்தைத் தேடி மறுபடி சாலைக்கே வரக்கூடும். வண்டியை ஓரங்கட்டி, போக்குவரத்தைக் கவனித்து, ஓட்டின் இரு பக்கமும் பிடித்து, தரையை ஒட்டியே தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே எதிர்ப்பக்கம் விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு காயப்படும். வீட்டுக்குக் கொண்டுபோவது உதவியல்ல. நட்சத்திர ஆமையை வளர்ப்பது சட்டப்படி குற்றம். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.