சாலையோரக் கடைக்காரர்களுக்கு: புகையும் புழுதியும் குறைய...

கோவில்பட்டியில் சாலையோரம் பூவும் பழமும் விற்பவர்களுக்குப் பேருந்துப் புகையோடு கரிசல் புழுதியும் சேர்ந்தே வருகிறது.

1. சிக்னல், வேகத்தடை, பேருந்து நிறுத்தம் மூன்றையும் விட்டுத் தள்ளிக் கடை போடுங்கள். வண்டிகள் நின்று கிளம்பும்போதுதான் புகை அதிகம்.

2. ஆனி, ஆடியில் மேல்காற்று. தெற்கு வடக்காகப் போகும் சாலையில் மேற்கு ஓரம் பிடியுங்கள். புகை எதிர்ப்பக்கம் போய்விடும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்று வீசினால் கிழக்கு ஓரம்.

3. மூக்கில் கட்டிய துண்டு புழுதியைத் தடுக்கும், புகையின் நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் அணியுங்கள். அதைத் துவைக்காதீர்கள், வடிகட்டும் திறன் போய்விடும்.

4. தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், தூசி எழும்பாது. தண்ணீர் அருமையான ஊர்தான். ஒரு செம்பு போதும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை.