பழைய கணினியில் வைஃபை கிடைக்கவில்லையா?

பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய பழைய மடிக்கணினியில் வைஃபை கிடைக்காமற் போனால், கணினியே கெட்டுவிட்டதெனப் பெற்றோர் பலர் முடிவு செய்துவிடுகின்றனர். புதிய கணினிக்குப் பணம் தேடுமுன், வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. இவற்றுக்குச் செலவு இல்லை.

முதலில், குறை எங்குள்ளது என அறிதல் வேண்டும். அதே இடத்தில், அதே வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையம் வரவில்லையெனில் கணினியின்மீது குற்றமில்லை. கைப்பேசியில் மட்டும் வருமானால், கணினியினுள் வானலைகளை வாங்கி அனுப்பும் வைஃபை அடாப்டரை ஆராய வேண்டும்.

பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் ஓரத்தில் வைஃபைக்கெனச் சிறு விசை உண்டு. பையிலிட்டு எடுக்கையில் அது நகர்ந்துவிடலாம். வேறு சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் இதற்கொரு பொத்தான் இருக்கும். அற்பக் காரணந்தான்; ஆயினும் இதை முதலில் பார்ப்பதே நன்று.

கணினியில் வேறு வைஃபை பெயர்கள் தெரிந்து, உங்களுடையது மட்டும் தெரியாதிருப்பதும் உண்டு. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றது. பழைய அடாப்டர்கள் பல, முன்னதை மட்டுமே அறியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கினால், அத்தகைய கணினிக்கு அது இல்லாததைப் போன்றதே. ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். சுவர்களைக் கடந்து செல்வதிலும் இதுவே மேலானது. பெயர் தெரிந்தும், சரியான கடவுச்சொல்லை இட்டும் இணையவில்லையெனில், பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்றிருக்கிறதா எனப் பாருங்கள். பழைய அடாப்டர்கள் பல இதனை அறியா. டபிள்யூ.பி.ஏ.2 என மாற்றினால் இணையக்கூடும். கடவுச்சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள்.

இவற்றாலும் பயனில்லையெனில், விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்னும் தலைப்பின்கீழ் நோக்குங்கள். அடாப்டரின் பெயரருகே கீழ்நோக்கிய அம்புக்குறி இருப்பின், அது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது; வலப்பொத்தானை அழுத்தி, 'எனேபல்' என்பதைத் தேருங்கள். மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருப்பின், பெரும்பாலும் டிரைவர் எனப்படும் இயக்குநிரலில் கோளாறு உள்ளதெனக் கொள்ளலாம். கணினித் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து, உங்கள் கணினி மாதிரிக்குரிய டிரைவரைப் பெற வேண்டும். இணையமே இல்லாதபோது எவ்வாறு பெறுவது? கைப்பேசியை மின்னூட்டக் கம்பியால் கணினியுடன் இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' வசதியை இயக்கினால் போதும். வைஃபை இன்றியே இணையம் கிடைக்கும். கைப்பேசியின் டேட்டா செலவாகும் என்பதை மறவாதீர்.

பட்டியலில் வைஃபை அடாப்டரின் பெயரே காணப்படவில்லையெனில், அது கழன்றிருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். அப்போதும் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. விரலளவே உள்ள யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரைக் கடையில் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். உங்கள் கணினியிலுள்ள விண்டோஸ் பதிப்புக்கு அது பொருந்துமா என்பதை உறையில் படித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.