ஆணி அறைந்தாற்போல் பேசுவோம்



இந்த மாதம் நாம் படிக்கப்போகும் ஆங்கிலத் தொடர் ‘ஹேமர் ஹோம்’. ஹேமர் என்றால் சுத்தியல். ஹோம் என்பது இங்கே வீடு இல்லீங்க. ‘போய்ச் சேர வேண்டிய இடம்வரை’ என்று பொருள். ஆணி முழுதும் இறங்கும்வரை அடிப்பதுபோல, ஒரு கருத்தைக் கேட்பவர் மனத்தில் பதியும்வரை அழுத்திச் சொல்வதே இத்தொடரின் பொருள். தமிழில் ‘ஆணித்தரமாகச் சொல்வது’ என்போம்.

மாசாயில் நான் நடத்தும் வார வகுப்பில் ஒரு தம்பி கேட்டார்: “அப்படின்னா சத்தம் போட்டுப் பேசணுமா, அண்ணே?” வேண்டாம். மேசையைத் தட்டினால் மேசைதான் ஆடும்.

சுவாமி விவேகானந்தரைப் பாருங்கள். அவரைச் சிகாகோவுக்கு அனுப்ப, அளசிங்கப் பெருமாள் தலைமையில் சென்னை இளைஞர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். 1893 செப்டம்பர் 11-இல் சர்வ சமயப் பேரவையில் சுவாமி பேசியபோது அவருக்கு வயது 30. எல்லாச் சமயங்களையும் உண்மையென ஏற்கிறோம் என்பதே அன்று அவர் அடித்த ஆணி. 15-ஆம் தேதி கிணற்றுத் தவளைக் கதையைச் சொல்லி அதே ஆணியை அடித்தார். 27-ஆம் தேதி, விதை மண்ணையும் நீரையும் ஏற்றாலும் மண்ணாகிவிடாது, செடியாகத்தான் வளரும் என்றார். கருத்து ஒன்று, உவமைகள் வேறு வேறு. இதுதான் ‘ஹேமர் ஹோம்’.

இதில் நாம் கற்க வேண்டியவை:

1. ஒரு நேரத்தில் ஒரே கருத்து. பத்து ஆணிகளை ஆளுக்கொரு தட்டு தட்டினால் எதுவும் இறங்காது.
2. அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல், புது உதாரணத்தோடு சொல்லுங்கள்.
3. எதிராளியை அடிக்காதீர்கள். ஆணியை மட்டும் அடியுங்கள்.

பள்ளியிலோ, பாசிர் கூடாங் வேலையிடத்திலோ, “உங்களுக்கு ஏன் இத்தனை சாமி?” என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் பலர் சிரித்து மழுப்புகிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள். இரண்டுமே பதில் ஆகாது. பதில் தெரியாத பிள்ளைக்கு நாளடைவில் தன் சமயத்தின்மீதே கூச்சம் வந்துவிடும். அதுதான் என் கவலை.

பயிற்சி: அந்தக் கேள்விக்கு ஒரே கருத்தில், இரண்டு உதாரணங்களோடு, ஒரு நிமிடத்தில் பதில் தயார் செய்யுங்க. முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்லிப் பாருங்க. அவர்களுக்குப் புரிந்தால் ஆணி இறங்கிவிட்டது.