குற்றால மலைக்குள் எத்தனை மியூவான்? லேப்டாப்பிலேயே கணக்கிடலாம்

கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் துகள் வானிலிருந்து விழுகிறது. குற்றால மலைக்குள் 100 மீட்டர் ஆழத்தில் ஒரு குகை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே எத்தனை வந்து சேரும்? சி++ ஓரளவு தெரிந்த மாணவர் தென்காசியில் இருந்தபடியே கண்டுபிடிக்கலாம். துகள்கள் பொருளுக்குள் ஊடுருவுவதைக் கணக்கிடும் ஜியான்ட்4 மென்பொருள் இலவசம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்புக் கருவிக்கும் இதில்தான் சிமுலேஷன் செய்தார்கள்.

முதலில் கணினியைத் திறக்காதீர்கள், தாளை எடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சார்னோகைட் பாறை மிகுதி. அடர்த்தியை 2.7 என்று வையுங்கள். 100 மீட்டர் பாறை என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 27,000 கிராம். கிராமுக்குச் சுமார் 2 எம்இவி இழப்பு. ஆக, 54 ஜிஇவிக்குக் குறைந்த மியூவான் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடும். விடை சரியா என்று பார்க்க இந்த எண்தான் உரைகல்.

அடுத்து, ஜியான்ட்4-ஐ லினக்ஸில் நிறுவி, கூடவே வரும் 'பி1' மாதிரி நிரலில் பொருளை மாற்றுங்கள். தொடக்கத்துக்கு, அடர்த்தியை 2.7 என்று வைத்த சிலிக்கன் டை ஆக்சைடு போதும். 2 மீட்டர் பாறைக்குள் 10 ஜிஇவி மியூவான்களை நேர்செங்குத்தாக அனுப்புங்கள். சராசரி இழப்பு 1.2 ஜிஇவியை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் அலகைப் பாருங்கள்: அலகு எழுதாத நீளத்தை ஜியான்ட்4 மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும்.

இப்போது 100 மீட்டர். துணைத்துகள்களுக்கான வெட்டு அளவு இயல்பாக 0.7 மி.மீ.; அப்படியே விட்டால் எலக்ட்ரான்களைத் துரத்தியே நேரம் போய்விடும். 10 செ.மீ. ஆக்குங்கள். 40 ஜிஇவிக்கு மேற்பட்ட மியூவான்களை மட்டும் உருவாக்குங்கள். மொத்தத்தில் அவற்றின் பங்கைக் குறித்துவைத்துக் கடைசியில் பெருக்க மறக்காதீர்கள்.

மிகக் கடினமானது மலையின் வடிவம். பேரருவி விழும் பக்கம் பாறைச் சுவர். அந்தத் திசையில் குகைக்கு மேலுள்ள கனம் குறையலாம். எல்லாத் திசைக்கும் ஒரே 100 மீட்டர் போட்டால் விடை தவறும். செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து திசைவாரியாகக் கனத்தை எடுங்கள். கோணத்துக்குப் பாடநூலின் கோசைன் வர்க்க விதி இந்த ஆற்றலில் பொருந்தாது. மியூவான் பரவலைத் தரும் கைசர் சூத்திரமே மேல்.

குகைக்குத் தப்பி வந்த மியூவான்கள் 100 என்றால் புள்ளியியல் பிழை 10 சதவீதம். 10,000 என்றால் 1 சதவீதம்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் அடுத்து ஆழத்தை 2,300 மீட்டராக்கிப் பாருங்கள். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-ல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவான ஆழம் அது.