குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

அன்புள்ள மலர்விழிக்கு,

வில்லியனூர் வீட்டு நீச்சல்குளத்தில் தினமும் தண்ணீர் இறங்குகிறது, எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அப்பா சொல்வதாக எழுதியிருந்தாய். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாளி எடு.

குளத்துத் தண்ணீரையே மொண்டு, வாளியைக் குளத்தின் படியில் வை. உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே குளத்தின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டுக்கும் வாளியிலேயே கோடு போடு. மறுநாள் அதே நேரத்தில் பார். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியாகிப் போனதுதான். வெளிமட்டம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. மோட்டார் ஓடும்போது ஒருநாள், நிறுத்திவைத்து ஒருநாள் பார். ஓடும் நாளில் கசிவு அதிகமென்றால் குழாயைச் சந்தேகப்படலாம். மழை பெய்த நாளும் நீங்கள் குளித்த நாளும் கணக்கில் சேராது.

வாளியைத் தரையில் வைத்தால் என்ன என்று கேட்பாய். வெயிலில் அதன் பக்கங்கள் சூடேறி, குளத்தைவிட வேகமாக வற்றும். ஆவியாதலை அளக்க வானிலைத் துறை வைத்திருக்கும் 1.2 மீட்டர் அகலத் தொட்டியிலும் இதே சிக்கல்தான். அதனால் அந்த அளவை ஏறத்தாழ 0.7 ஆல் பெருக்கித்தான் ஏரிக்குக் கணக்கிடுவார்கள்.

வெயில்தான் தண்ணீரைக் குடிக்கிறது என்பது பாதி உண்மை. நீர்ப்பரப்பை ஒட்டி ஈரக்காற்று தேங்கி நிற்கும். ஆனி, ஆடியில் அடிக்கும் வறண்ட மேல்காற்று அதைத் தள்ளிவிட்டு இன்னும் ஈரம் வாங்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பகலில் சூடேறிய குளத்தில் அந்த வெப்பம் இருப்பதால் ராத்திரியிலும் தண்ணீர் குறையும். உப்பு மட்டும் ஆவியாவதில்லை. டைல்ஸ் ஓரத்து வெள்ளைக் கோடு அதுதான்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள குளத்தில் 6 மி.மீ. இறங்கினால் 192 லிட்டர், பதின்மூன்று குடம். அத்தனையும் போர்வெல் தண்ணீர். பாகூர்ப் பக்கம் கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும் என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஊசுட்டேரி நிறைந்தால் சுமார் 800 ஹெக்டேர். அங்கே 1 மி.மீ. இறங்கினாலே 80 லட்சம் லிட்டர். ஏரியை யாரும் மூட முடியாது. உங்கள் குளத்தை மூடலாம்.

நீர்மேல் மிதக்கும் பிளாஸ்டிக் விரிப்பு போதும். பரப்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். மேல்காற்று வரும் பக்கம் செடிவேலியும் வையுங்கள். குளிக்கும் முன் விரிப்பை முழுவதுமாகச் சுருட்டிவிடு. பாதி விரித்த குளத்தில் தம்பியை இறங்க விடாதே. அடியில் மாட்டிக்கொண்டால் மேலே வர வழி தெரியாது.

அன்புடன்,
பெரியப்பா